புதுச்சேரி நகரத்தின் எல்லையும் உள்ளாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வரி எங்கே கட்டுவது, தாத்தாவின் பிறப்புச் சான்றில் இருக்கும் கொம்யூன் (பிரெஞ்சுக் கால உள்ளாட்சிப் பிரிவு) இப்போது எது, நம் வார்டுக்குக் கவுன்சிலர் யார் என்று புதுச்சேரியில் அடிக்கடி கேட்கிறார்கள். பார்த்தால் சின்னக் கேள்விகள்தான். ஆனால் பதில் சொல்ல உட்கார்ந்தால் முந்நூறு வருஷக் கதையைத் தொடாமல் முடியாது. அதனால் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் தங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

'புதுச்சேரி' என்று சொன்னால் எந்த எல்லைக்குள் இருக்கும் இடம்?

யார் எந்தச் சமயத்தில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. யூனியன் பிரதேசம் என்ற பொருளில் சொன்னால் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் அதில் அடக்கம். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில், கோதாவரிப் பக்கம். மாவட்டம் என்று சொன்னால் ஏறக்குறைய 290 சதுர கிலோமீட்டர் பரப்பு. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று நான்கு தாலுகாக்கள். நகராட்சி என்றால் இன்னும் சுருங்கிவிடும், சுமார் 19.5 சதுர கிலோமீட்டர்தான். வெளியூரிலிருந்து வருபவர்கள் 'பாண்டி' என்று மனத்தில் வைத்திருப்பது அதைவிடச் சின்ன இடம்: கடற்கரைச் சாலையையும் அண்ணா சாலையையும் இரு ஓரமாகக் கொண்ட பழைய நகரம்.

லாஸ்பேட்டையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர் தன்னைப் புதுச்சேரிக்காரர் என்றுதான் சொல்வார். அது சரியும்கூட. ஆனால் புதுச்சேரி நகராட்சிக் கணக்கில் அவர் இல்லை. இந்தக் குழப்பம்தான் பாதிக் கேள்விகளுக்குக் காரணம்.

நகரத்துக்கு முதலில் எல்லை என்று என்ன இருந்தது?

1673-ல் பீஜப்பூர் சுல்தானின் கீழ் வாலிகொண்டபுரத்தை ஆண்ட ஷேர்கான் லோடியிடமிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கே இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் பிரெஞ்சுக் கம்பெனி அதிகாரி பிரான்சுவா மர்த்தேன் வந்தார். 1701-ல் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுக் குடியிருப்புகளுக்கெல்லாம் தலைமையிடம் என்ற நிலை புதுச்சேரிக்கு வந்தது. இந்த ஊர் தலைநகரான கதையின் தொடக்கம் அதுதான். இப்போது பாரதி பூங்கா இருக்கும் பகுதியில் லூயி கோட்டையைக் கட்டினார்கள்.

அந்தக் காலத்தில் நகருக்கு எல்லை ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தது. நடுவில் கோட்டை. அதைச் சுற்றி வீடுகளும் கடைகளும். அவற்றைச் சுற்றி மதில். மதிலில் சென்னை வாசல், வழுதாவூர் வாசல், வில்லியனூர் வாசல், கடலூர் வாசல் என்று எந்த ஊருக்குப் போகும் வழியோ அந்த ஊர்ப் பெயரில் வாசல்கள். அதையும் தாண்டி வெளியே வயல்களையும் தோப்புகளையும் சுற்றி வளைத்து ஒரு முள்வேலி. கம்பி வேலி இல்லை, சப்பாத்திக்கள்ளியும் முள்மரமும் பனையுமாக அடர்த்தியாக வளர்த்த உயிர்வேலி. பெரிய பாதைகள் வேலியை வெட்டும் இடங்களில் சிறு கொத்தளங்கள் எழுப்பி பீரங்கி வைத்திருந்தார்கள். 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் நகரை முற்றுகையிட்டபோது முதலில் பிடித்தது இந்த வேலியைத்தான். வேலி போனதும் வெளியிலிருந்து நெல் வரும் வழி அடைபட்டது. நகரம் பட்டினியில் விழுந்தது.

1761 ஜனவரி 16-ல் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் முகவராகவும்) இருந்து, கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்புதான் இறந்திருந்தார். கோட்டையையும் மதிலையும் வீடுகளையும் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கியதை அவர் பார்க்கவில்லை. இந்த ஊரின் தெருக்களைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதிய ஒருவர் அந்த அழிவையும் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நேர்கோட்டுத் தெருக்களைப் போட்டது டச்சுக்காரர்களா?

தொடங்கி வைத்தது அவர்கள். 1693-ல் நகரைப் பிடித்து 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் வரைந்த வரைபடத்தில் கட்டம் கட்டமான தெருக்கள் இருக்கின்றன. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதே ஒழுங்கைத் தொடர்ந்தார்கள். 1765-ல் நகரம் திரும்பக் கிடைத்ததும் லா தெ லொரிஸ்தோன் ஆளுநராக இருந்து மறுபடி எழுப்பியபோதும் அதே ஒழுங்குதான். லாஸ்பேட்டைக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான்.

அண்ணா சாலையும் சுப்பையா சாலையும் ஏன் வளைந்து போகின்றன?

உள்ளே எல்லாத் தெருவும் கோடு போட்டது போல் இருக்க, இவை மட்டும் வளைவதற்குக் காரணம் பழைய மதில். இடிந்துபோன மதிலின் தடத்தில் பிற்பாடு அகலமான சாலைகள் போட்டார்கள். பழைய ஆட்கள் 'புல்வார்' என்று சொல்வது இவற்றைத்தான். வடக்கே சர்தார் வல்லபாய் பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடலை ஒட்டி குபேர் சாலை. நான்கையும் சேர்த்துச் சுற்றி வந்தால் பதினெட்டாம் நூற்றாண்டு நகரத்தை ஒரு சுற்று சுற்றியதாகக் கணக்கு. நடந்தே சுற்றலாம், பெரிய தூரமில்லை.

அதற்குள் வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் இன்னொரு எல்லை. கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஏட்டிலேயே எழுதினார்கள். மேற்குப் பகுதிக்குள்ளும் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் குடியிருந்த பகுதிகள் தனித்தனி. இன்றைய நகராட்சிக்கு வாய்க்கால் ஒரு எல்லையே இல்லை. ஆனாலும் வீட்டு விலையிலும் வாடகையிலும் அந்தக் கோடு அழியவில்லை.

புதுச்சேரி ஏன் துண்டு துண்டாகக் கிடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளப் பேருந்தில் போவதே நல்ல வழி. புதிய பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டி ஏறுங்கள். வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரம் போனதும் திருபுவனை, மதகடிப்பட்டு: மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் திரும்பத் தமிழ்நாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனாலும் இதே கதைதான். முத்தியால்பேட்டை முடிகிற இடத்தில் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தாண்டி, பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டுக்கு வந்தால் திரும்பப் புதுச்சேரி. பெட்ரோல் பங்குகளும் மதுக்கடைப் பலகைகளும் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று சொல்லிவிடும்.

காரணம் இதுதான். பிரெஞ்சுக்காரர்களுக்கு நிலம் ஒரே பட்டாவில் கிடைக்கவில்லை. கிராமம் கிராமமாக, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அரசர்களிடமிருந்தும் நவாபுகளிடமிருந்தும் கிடைத்தது. உழவர்கரையும் முருங்கப்பாக்கமும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. துய்ப்ளேக்ஸ் காலத்தில், 1750-ஐ ஒட்டி, வில்லியனூரும் பாகூரும் வந்தன. கொடைப் பத்திரத்தில் ஊர்ப் பெயர்தான் இருக்கும், எல்லைக்கோடு இருக்காது. இடையில் இருக்கும் ஊர் வேறொருவருடையதாக இருந்தால் அது அப்படியே விடுபட்டுப்போகும்.

பிறகு போர்கள். 1761, 1778, 1793 என்று மூன்று தடவை ஆங்கிலேயர் கைக்குப் போய், ஒவ்வொரு தடவையும் ஐரோப்பாவில் எங்கோ கையெழுத்தான ஒப்பந்தத்தால் திரும்பி வந்தது. 1783-ல் வெர்சாய் ஒப்பந்தத்தில் புதுச்சேரிக்குச் சுற்றுப்புறமாக வில்லியனூரையும் பாகூரையும் கொடுப்பது என்று எழுதினார்கள். கடைசியாக 1814 ஒப்பந்தப்படி 1816-ல் நகரம் திரும்பியபோதும் பழைய கணக்குப்படிதான் ஊர்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். இடையிலிருந்த ஊர்கள் ஆங்கிலேயரின் தென்னாற்காடு மாவட்டத்தில் நின்றன. 1954-க்குப் பிறகு எந்த அரசும் அந்த எல்லையைத் தொடவில்லை. தென்னாற்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்ததும் நம் துண்டுகளுக்கு அண்டை வீடு ஒன்றுக்கு இரண்டானது.

இதை வேடிக்கையான சங்கதியாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அங்கே குடியிருப்பவர்களுக்கு இது வேடிக்கை இல்லை. சில இடங்களில் தெருவே எல்லை. இந்தப் பக்கம் ஒரு அரசின் ரேஷன் கார்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு அரசின் ரேஷன் கார்டு. மழைத் தண்ணீருக்கு எல்லை தெரியாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடிவரும் வாய்க்காலைத் தூர்வார வேண்டுமென்றால் இரண்டு அரசுகளின் பொதுப்பணித் துறைகளும் ஒத்துழைக்க வேண்டும்.

கடலூரில் பீரங்கி சுட்டு எல்லை வைத்ததாகச் சொல்கிறார்களே, இங்கேயும் அப்படியா?

இல்லை, அது கடலூர்க் கதை. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. நான்கு பக்கமும் சுட்டு, குண்டு விழுந்த இடங்களை எல்லையாக்கிக்கொண்டார்கள். அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் சில வருஷம் ஆங்கிலேயருக்குக் கடலூரே தலைமையிடமானது. ஆக அந்தச் சில வருஷமும் இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இரண்டு ஐரோப்பியத் தலைநகரங்கள் எதிரும் புதிருமாக நின்றன.

நகராட்சி என்ற அமைப்பு எப்போது வந்தது?

1880 மார்ச் 12-ல் வந்த பிரெஞ்சு அரசாணையால். அதுவரை ஆளுநரும் அவருக்குக் கீழ் அதிகாரிகளும்தான். அந்த ஆணையால் பிரெஞ்சு இந்தியா முழுக்கப் பத்து கொம்யூன்கள் உண்டாயின. புதுச்சேரிப் பகுதிக்கு நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். காரைக்காலுக்கு மூன்று. சந்திரநாகூர், மாஹே, ஏனாமுக்கு ஒவ்வொன்று. ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேயர், ஒரு நகராட்சி மன்றம். நகரம், கிராமம் என்ற வித்தியாசமே அந்தச் சட்டத்தில் இல்லை. பாகூர் வயல்காட்டுக்கும் தலைநகருக்கும் ஒரே மாதிரி அமைப்பு. நாட்டுப்புறத்துக்கு ஒரு மேயரைக் கொடுத்ததை நான் பெரிய விஷயமாகத்தான் பார்க்கிறேன்.

1907-ல் கொம்யூன்களைப் பிரித்துப் பதினேழாக்கினார்கள். புதுச்சேரிப் பகுதிக்கு எட்டு: புதுச்சேரி, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், உழவர்கரை, வில்லியனூர், திருபுவனை, பாகூர், நெட்டப்பாக்கம். காரைக்காலில் ஆறு.

ஆனால் ஓட்டு எல்லாருக்கும் ஒரே எடையில் இல்லை. ஐரோப்பியருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல். 1884-ல் மூன்றாவது பட்டியலும் சேர்ந்தது. சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அது. கையளவு ஐரோப்பியர்களுக்கு அவர்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தாத பங்கு கிடைத்தது. பட்டியல்களை ஒழித்து, ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே பட்டியல் என்று வந்தது 1945-ல்தான்.

தாத்தாவின் சான்றிதழில் 'முதலியார்பேட் கொம்யூன்' என்று இருக்கிறது. அது எங்கே போனது?

புதுச்சேரி நகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது. முதலியார்பேட்டை 1907 முதல் தனிக் கொம்யூன். 1974-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதையும் பழைய புதுச்சேரிக் கொம்யூனையும் சேர்த்து ஒரே நகராட்சியாக்கினார்கள்.

பழைய பதிவேடுகள் பிரெஞ்சு மொழியில் இருக்கும். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் கொம்யூன்களே பதிந்துவந்தன. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றைக்கும் இந்தப் பதிவுகளைத் தேடி நகராட்சிக்கு வருகிறார்கள். தேடப் போகும்போது மூன்று விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: சான்றில் உள்ள கொம்யூனின் பெயர், பதிவு எண், வருஷம். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் சிரமப்படுவீர்கள். ஒரே பெயரைப் பிரெஞ்சு எழுத்தர்கள் வருஷத்துக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள்.

விடுதலையில் நகராட்சிகளுக்கு என்ன பங்கு?

பெரிய பங்கு. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சு இந்திய மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கலாம், வாக்கெடுப்பை எப்போது, எப்படி நடத்துவது என்பதை நகராட்சி மன்றங்கள் முடிவு செய்யும் என்று ஒப்புக்கொண்டன. அதற்காகவே அந்த அக்டோபரில் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடிதடியும் மிரட்டலும் நிறைந்த காலம். எதிர்பார்த்த வாக்கெடுப்பு இங்கே நடக்காமலே வருஷங்கள் ஓடின.

1954 மார்ச்சில் நிலைமை தலைகீழானது. வாக்கெடுப்பே வேண்டாம், நேராக இந்தியாவோடு சேர்கிறோம் என்று மேயர்களும் கவுன்சிலர்களும் தீர்மானம் போட்டார்கள். அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேரும் பக்கம் மாறினார். மார்ச் 31-ல் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. தலைநகர் பிரெஞ்சுக்காரர் கையில் இருக்கும்போதே ஒரு வயல்காட்டுக் கொம்யூன் விடுதலை பெற்றுவிட்டது. எல்லை துண்டு துண்டாகக் கிடந்தது அன்றைக்கு உதவியாகவே இருந்தது. இந்தியப் பகுதி சுற்றி வளைத்திருந்த அந்த ஊருக்குப் படை அனுப்புவது பிரெஞ்சு நிர்வாகத்துக்கு எளிதாக இல்லை.

அந்த வருஷம் அக்டோபர் 18-ல் கீழூரில் கூடியது 178 பேர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சிக் கவுன்சிலர்களும்தான். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக, 8 பேர் எதிராக. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட பின், 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தது. நவம்பர் 1 விடுதலை நாளாகவும் ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்ற நாளாகவும் கொண்டாடப்படுவது இதனால்தான்.

சந்திரநாகூர் ஏன் நம்மோடு இல்லை?

1949-ல் அங்கே தனி வாக்கெடுப்பு நடந்து, இந்தியாவோடு சேர முடிவானது. 1954-ல் மேற்கு வங்கத்தில் இணைந்துவிட்டது.

கொம்யூன்கள் எப்போது இன்றைய வடிவத்துக்கு வந்தன?

1963 ஜூலை 1-ல் யூனியன் பிரதேசமாகிச் சட்டமன்றம் வந்த பிறகும் உள்ளாட்சி மட்டும் பத்து வருஷத்துக்கும் மேல் பிரெஞ்சு முறையிலேயே ஓடியது. 1973-ல் இரண்டு சட்டங்கள் இயற்றினார்கள்: ஒன்று நகராட்சிகளுக்கு, மற்றொன்று கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு. 1974 ஜனவரி 26 முதல் இரண்டும் நடைமுறையில் உள்ளன. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் நகராட்சிகள். மற்றவை கொம்யூன் பஞ்சாயத்துகள். திருபுவனை இருந்த பகுதி இன்று மண்ணாடிப்பட்டு கொம்யூனில் வருகிறது. 1994-ல் உழவர்கரையும் நகராட்சியானது. இப்போது மொத்தம் 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், 98 கிராமப் பஞ்சாயத்துகள்.

மாவட்டப் பஞ்சாயத்து இங்கே கிடையாது. கொம்யூன், கிராமம் என்று இரண்டே அடுக்கு. 20 லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள இடத்தில் மூன்று அடுக்கு கட்டாயமில்லை என்று அரசியல் சட்டமே சொல்கிறது.

உழவர்கரை தனி நகராட்சியாக இருப்பது ஏன்?

1880 முதலே அது தனிக் கொம்யூன் என்பது ஒரு காரணம். நகரம் வளர்ந்த திசை இன்னொரு காரணம். கிழக்கே கடல். தெற்கே உப்பங்கழியும் ஆறும். வடக்கே முத்தியால்பேட்டை முடிந்ததும் தமிழ்நாடு. வளர வேண்டுமென்றால் மேற்கும் வடமேற்கும்தான் வழி. அங்கே இருந்தது உழவர்கரை. ஜிப்மர் வந்தது அங்கே. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் வந்ததும் அங்கே. வயல்கள் மனைகளாக மாறியதும் அங்கேதான்.

2001 கணக்கெடுப்பில் இரண்டு நகராட்சிகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு மக்கள், தலா 2.2 லட்சத்தை ஒட்டி. 2011-ல் புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர், உழவர்கரையில் 3,00,104 பேர். தலைநகரின் பெயரைத் தாங்கிய நகராட்சியைவிடப் பக்கத்து நகராட்சி பெரிதாகிவிட்டது. பரப்பிலும் அப்படித்தான், சுமார் 36.7 சதுர கிலோமீட்டர். அதில் காலாப்பட்டுப் பக்கம் தமிழ்நாட்டு ஊர்களுக்கு அப்பால் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டும் சேர்த்தி. காலாப்பட்டில் குப்பை அள்ளப் போகும் நகராட்சி வண்டி கோட்டக்குப்பம் வழியாக இன்னொரு மாநிலத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

என் வீடு எந்த உள்ளாட்சியில் வருகிறது?

பொதுவாகச் சொன்னால்: புல்வாருக்குள் இருக்கும் பழைய நகரம், முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், உருளையன்பேட்டை, நெல்லித்தோப்பு, உப்பளம், முதலியார்பேட்டை, தேங்காய்த்திட்டு, முருங்கப்பாக்கம் எல்லாம் புதுச்சேரி நகராட்சி. லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், கோரிமேடு, காலாப்பட்டு ஆகியவை உழவர்கரை. வீராம்பட்டினம், தவளக்குப்பம் பக்கமென்றால் அரியாங்குப்பம் கொம்யூன்.

எல்லை ஓரத்தில் மனை வாங்குகிறவர்கள் விளம்பரத்தில் போட்டிருக்கும் 'புதுச்சேரி மிக அருகில்' என்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பட்டணூர்ப் பக்கம் நிறைய மனைப் பிரிவுகள் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. பத்திரம் எந்தப் பதிவு அலுவலகத்தில் ஆகிறது, கட்டட அனுமதி யார் கொடுத்தது என்ற இரண்டையும் கேளுங்கள். மாநிலமே வேறு என்றால் குழந்தையின் கல்லூரி இட ஒதுக்கீடு வரைக்கும் கணக்கு மாறும்.

நம் வார்டுக் கவுன்சிலர் யார்?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் வருத்தமான பதில் இதுதான்.

பிரெஞ்சு முறையில் கடைசி நகராட்சித் தேர்தல் நடந்தது 1968-ல். அப்புறம் 1973 சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. 1993-ல் அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் கட்டாயம் என்று ஆனது. அப்போதும் வரவில்லை. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2006-ல்தான் நடந்தது. இடையில் 38 வருஷம். அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடக்கவில்லை. 2021 அக்டோபரில் மூன்று கட்டமாக நடத்துவதாகத் தேதி அறிவித்தார்கள். வார்டு இட ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு வந்து அதுவும் நின்றுபோனது.

1968-ல் முதல்முறை ஓட்டுப் போட்ட ஒருவர் அடுத்த உள்ளாட்சி ஓட்டைப் போடும்போது ஓய்வு பெறும் வயதில் இருந்திருப்பார்.

மன்றம் இல்லாத காலத்தில் நகராட்சி நின்றுவிடுவதில்லை. ஆணையர் இருக்கிறார், ஊழியர்கள் இருக்கிறார்கள், உள்ளாட்சித் துறை இருக்கிறது. குப்பை அள்ளுகிறார்கள், வரி வாங்குகிறார்கள். ஆனால் தெருவிளக்கு எரியவில்லையென்றால் ஜனங்கள் நேரே எம்எல்ஏ வீட்டுக்குப் போகிறார்கள். சட்டமன்றத்தில் 30 தொகுதிகள், அதில் 23 புதுச்சேரிப் பகுதியில். தொகுதிகள் சின்னவை என்பதால் எம்எல்ஏவைப் பார்ப்பது எளிது. அந்த எளிமையே கவுன்சிலர் இல்லாத குறையை மறைத்துவிடுகிறது. சட்டம் இயற்ற வேண்டியவர் சாக்கடை அடைப்புக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். எந்தத் தெருவுக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று பொதுவில் விவாதிக்க ஓர் இடமும் இல்லாமல் போகிறது.

பக்கத்தில் பார்த்தால் இன்னும் உறைக்கும். கடலூர் 2021-ல் மாநகராட்சியானது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து மேயர் வந்தார். முத்தியால்பேட்டைக்கு அடுத்த தெருவான கோட்டக்குப்பமும் நகராட்சியாகி அதே தேர்தலில் ஓட்டுப் போட்டது. எழுபது வருஷத்துக்கு முன் நாட்டின் எதிர்காலத்தையே தீர்மானித்த கவுன்சிலர்களைப் பெற்ற ஊர் நம்முடையது. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

கடற்கரைச் சாலை மேரி கட்டடம் இடிந்ததே, இப்போது என்ன நிலை?

'மேரி' என்றால் பிரெஞ்சில் நகரமன்றக் கட்டடம். 1870-களின் தொடக்கத்தில் நகரமன்றத்துக்காகக் கட்டியது. கடலைப் பார்த்த வெள்ளைத் தூண்களும் அகலமான மாடியுமாக இருந்த அதில்தான் பிறகு நகராட்சி இயங்கியது. பராமரிப்பில்லாமல் சுவரில் செடி முளைத்துக் கிடந்து, 2014 நவம்பர் 29-ல் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியுதவியுடன் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். வேலை நன்றாகவே வந்திருக்கிறது. திறந்த அன்று அங்கே போய் உட்காரத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்தான் இல்லை.

தமிழ்நாட்டோடு இணைந்தால் இந்தக் குழப்பமெல்லாம் தீராதா?

1979-ல் மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது இணைப்புப் பேச்சு எழுந்தது. ஊரே கொதித்து எழுந்து போராடியது. அதோடு அந்தப் பேச்சைக் கைவிட்டார்கள். 1956 ஒப்பந்தத்திலும் புதுச்சேரியின் தனி நிலையில் மாற்றம் செய்வதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்று இருக்கிறது. மாநில அந்தஸ்துக் கோரிக்கை வேறு, இணைப்பு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளாட்சித் தேர்தல் நடத்த இரண்டுமே தேவையில்லை. 1973 சட்டமே போதும்.

புதுச்சேரியும் உழவர்கரையும் சேர்ந்து மாநகராட்சி ஆகுமா?

அவ்வப்போது இந்தப் பேச்சு எழுகிறது. மக்கள்தொகைக் கணக்குப்படி தடையில்லை. 2011-லேயே இரண்டையும் சேர்த்தால் ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சுற்றுப்புறத்தையும் சேர்த்த நகர்ப்புறத் தொகுப்பு 6.5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரே சாலையின் முதல் பாதிக்கு ஒரு நகராட்சி, மறுபாதிக்கு இன்னொன்று என்பது போய், குடிநீரும் கழிவுநீரும் ஒரே திட்டத்தில் வரும் என்பது லாபம்.

அதற்குமுன் தீர்க்க வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. காலாப்பட்டுத் துண்டு உள்ளே வருமா, வெளியே நிற்குமா? பாதி நகரமாகிவிட்ட அரியாங்குப்பத்தையும் வில்லியனூரையும் சேர்ப்பதா? சேர்த்தால் கிராமத்து வீட்டுக்கும் மாநகராட்சி வரியா? இவற்றையெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களின் பிரதிநிதிகளிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதனால் எல்லையை மாற்றும் வேலையைத் தேர்தலுக்குப் பின் வைப்பதே முறை. முதலில் இப்போதுள்ள எல்லைக்குள் வார்டுகளைச் சரியாகப் பிரித்து, இட ஒதுக்கீட்டை முடித்து, மன்றங்களை அமர்த்தட்டும். இணைப்புத் தீர்மானம் இரண்டு நகராட்சி மன்றங்களிலும் விவாதமாகி, ஓட்டெடுப்பில் நிறைவேறி அங்கிருந்து வரட்டும்.